கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணணுமாம்!

மக்களே, ப்ளேஸ்மெண்ட் ட்ரெய்னிங்னு காலேஜுக்கு வர்றவங்க எல்லாரும் தவறாம ஒரு மந்திரம் சொல்லிட்டுப் போறாங்க. ஆபீஸ்ல கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணுங்க, தண்ணி குடிங்க, மூச்சை இழுத்து விடுங்க. ஏங்க, ஒன்பது மணி நேரத்துக்குன்னு ஆள் எடுத்துட்டு பதிமூணு மணி நேரம் ஆணி புடுங்க வைக்கிறது டேமேஜர். எண்ணுறது மட்டும் நாமளா? அந்த மனுஷனுக்கு யாராவது வகுப்பு எடுத்தீங்களா?

கோபத்தை ஜலதோஷம் மாதிரி நமக்கு வந்த வியாதியா பார்க்கறதுதான் எனக்குப் பிடிக்கலை. பாதி நேரம் அது வியாதியே கிடையாது. நம்மகிட்டேர்ந்து எதையோ எடுத்துட்டு கணக்கு காட்டலைன்னு அர்த்தம்.

அதுக்காக "மூஞ்சில எறிஞ்சுட்டு வாடா மச்சி" கோஷ்டியில நான் இல்லை. அவங்க இன்னும் மோசம். 2010 ஆகஸ்ட்ல ஜெட்ப்ளூ விமானப் பணியாளர் ஸ்டீவன் ஸ்லேட்டர், நியூயார்க்ல விமானம் வந்து நின்னதும் மைக்ல திட்டித் தீர்த்துட்டு, ரெண்டு பீரை எடுத்துக்கிட்டு அவசர வழிச் சறுக்குல இறங்கிப் போனார். இணையமே ஹீரோன்னு கொண்டாடுச்சு. அக்டோபர்ல கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டு, கம்பெனிக்கு 10,000 டாலர் கட்ட சம்மதிச்சார். விசிலடிச்ச கூட்டம் அதுல எத்தனை டாலர் பங்கு போட்டுச்சாம்?

நம்மூர்ல சறுக்கு கிடையாது, மெயில்தான். என் பெரியப்பா பொண்ணு 2023ல ஒரு கம்பெனியில நாலு வருஷம் மூணு மாசம் பொட்டி தட்டியிருந்தா. மீட்டிங்ல பத்து பேர் முன்னாடி டேமேஜர் கத்தினார். அன்னிக்கு ராத்திரியே அக்கா பேப்பர் போட்டுட்டா. வீட்ல எல்லாரும் "அவளுக்கு முன்கோபம்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. எவனும் கால்குலேட்டரை எடுக்கலை. நான் எடுத்தேன், பி.காம் புத்தி :-)

கிராஜுவிட்டிங்கறது கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, மறுபடி வேலை பார்த்த வருஷத்தால பெருக்கறது. அக்காவுக்கு அடிப்படை 26,000. வருஷத்துக்கு 15,000, அஞ்சு வருஷத்துக்கு 75,000. அஞ்சு முடியாததால ஒண்ணும் கிடையாது. ஒன்பது மாசம் அந்த முகத்தைப் பார்க்கறதுக்கு 75,000 பத்துமா? பத்தாதுன்னு அக்கா சொன்னா நான் ஒத்துக்குவேன். ஆனா அந்தக் கேள்வியையே யாரும் அவகிட்ட கேட்கலையே! கத்தினவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, கம்பெனிக்கு 75,000 மிச்சம்.

(2025 நவம்பர் 21லேர்ந்து புதுச் சட்டத் தொகுப்பு வந்தாச்சு. குறிப்பிட்ட காலத்துக்குன்னு ஒப்பந்தம் போட்டு எடுத்த ஆளுக்கு ஒரு வருஷமே போதும். மத்தவங்களுக்கு அதே அஞ்சுதான்.)

இன்னொண்ணு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970ல ஒரு புத்தகம் போட்டார். ஒரு இடம் கெட்டுப்போனா ஆளுங்களுக்கு ரெண்டு வழி, ஒண்ணு வெளியேறறது, இன்னொண்ணு குரல் கொடுக்கறது. இதுல சிக்கல் என்னன்னா, சத்தம் போடக்கூடிய ஆளே முதல்ல கிளம்பிடறான். மிச்சம் இருக்கறவங்க மேல டேமேஜர் நிம்மதியா கத்தலாம்.

அதனால கோபம் இருக்கும்போதே எழுதி வைங்க. தேதி, நேரம், யார் இருந்தாங்க, என்ன வார்த்தை. மறுநாள் "நேத்து மீட்டிங்ல நீங்க இப்படிச் சொன்னீங்க"ன்னு மரியாதையா ஒரு மெயில். மேட்டர் பாலியல் தொல்லைன்னா தள்ளியே போடாதீங்க. 2013 சட்டப்படி சாதாரணமா மூணு மாசத்துக்குள்ள பெண்கள் உள்ளகக் குழுவுக்கு எழுத்துல புகார் தரணும். மனசு ஆறட்டும்னு உட்கார்ந்திருந்தா அந்த மூணு மாசம் ஓடிடும்.

இவ்வளவுக்கப்புறமும் கிளம்பணும்னா தாராளமா கிளம்புங்க. பி.எஃப்.பை உருவாம புதுக் கம்பெனிக்கு மாத்துங்க, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரி பிடிப்பான். சம்பளப் பாக்கிக்கு "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு இழுத்தா, புது ஊதியச் சட்டத்துல ரெண்டு வேலை நாள்தான் கெடுன்னு ஹெச்.ஆர்.கிட்ட சொல்லுங்க. அப்ப அவங்க பத்து வரைக்கும் எண்ணட்டும்.