குழி வெட்டுமுன் சேமநிதி

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களிலெல்லாம் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "லாபம் வந்திருக்கிறதே, சேமநிதிக்கு ஒதுக்காமல் முழுவதையும் அங்கத்தினருக்குப் பங்கிட்டால் என்ன?" என்பதே அது. சட்டத்தைக் காட்டி விடை கூறுவது நமது வழக்கம். இம்மாதம் சட்டத்தை விட்டு, வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில் கிடக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டி விடை கூற விரும்புகிறோம்.

தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் என்னும் பழைய நிலக்கரி வட்டாரம் இருக்கிறது. அதைச் சேர்ந்த அபர்வான் கிராமத்துக்கு மேலே, சுரங்கக் கழிவை மலைமீது குவியல் குவியலாகக் கொட்டி வந்தனர். ஏழாவது குவியலை 1958-இல் ஓர் ஊற்றுக்கண்ணின் மீதே தொடங்கினர். 1966 அக்டோபர் 21 காலை, நீரில் ஊறிய அக்குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை மன்றம் 1967-இல் தீர்ப்புக் கூறியது. ஆயினும், எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கென, பொதுமக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுன் எடுக்கப்பட்டது. 1997-இல்தான் அத்தொகை, வட்டியின்றி, திருப்பித் தரப்பட்டது. தோண்டியவர் கொடுக்க வேண்டிய பணத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் கொடுத்தனர் என்பதே இதன் பொருள்.

அதே வட்டாரத்தில், சில மைல் தொலைவில் ஃபோஸ்-அ-வ்ரான் என்னும் திறந்தவெளிச் சுரங்கம் 2007-இல் தொடங்கப்பட்டது. பழைய சுரங்கங்களால் பாழ்பட்ட நிலத்தைச் சீர்திருத்துவதே அத்திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. நிலக்கரியை எடுத்து விற்று, அந்த வருவாயைக்கொண்டு நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருவது என்பது ஏற்பாடு. 2023 நவம்பரில் சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தைச் சீர்செய்ய ஐந்து கோடி பவுனுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிடப்பட்டிருக்க, அதற்கெனத் தனிக் கணக்கில் இருந்ததோ ஒன்றரைக் கோடி பவுன். பள்ளத்தில் நீர் தேங்கலாயிற்று. பின்னர், அந்நீரை ஏரியாகவே விட்டுவிட்டுக் குறைந்த செலவில் முடிக்கும் மாற்றுத் திட்டம் முன்வைக்கப்பட்டது.

நிலத்தைச் சீர்செய்வது என்பது பள்ளத்தை மண்ணால் மூடிப் புல் விதைப்பதன்று. பயிரிடுவோர் இதை எளிதில் அறிவர். முதலில் நீருக்கு வழி செய்யவேண்டும். மேலே தடுப்பு வாய்க்கால், அடிவாரத்தில் வடிகால், சரிவைத் தணித்துப் படிப்படியாக அமைத்தல் ஆகியவை இல்லாமல் எந்தக் குவியலும் நிலைக்காது. தோண்டத் தொடங்கும் நாளிலேயே மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காக்கவேண்டும். அடிமண்ணோடு கலந்துவிட்டால் அது போனது போனதுதான். கரிப்பாறையிலுள்ள கந்தகக் கலப்பு காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். அதற்குச் சுண்ணாம்பு இடவேண்டும். கனத்த இயந்திரங்கள் அமுக்கிய மண்ணை ஆழக் கிளறவேண்டும். அதன்பின், தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் செடிகளை வளர்த்து, ஆண்டுக்கணக்கில் பேணவேண்டும். ஒவ்வொன்றும் செலவு, வருவாய் நின்றபின் வரும் செலவு.

"முன்பணம் கேட்டால் சுரங்கமே நடவாது, தொழிலாளர் பிழைப்புப் போகும்" என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிலத்தைத் திருப்பித் தரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நட்டமாகும் தொழில், சேர்க்காதபோதும் நட்டமே; அந்த நட்டத்தைச் சுமப்பவர் மட்டும் வேறு. "இயற்கையே மூடிவிடும்" என்பர் வேறு சிலர். பழைய குவியல்களில் மரம் முளைப்பது மெய்தான். ஆனால் 2020 பிப்ரவரியில் பெரும் புயல்மழையின்போது டைலர்ஸ்டவுனில் ஒரு பழைய குவியல் சரிந்து பள்ளத்தாக்கில் இறங்கிற்று. வேல்ஸில் இத்தகைய குவியல்கள் 2,500-க்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்த 2025-இல்தான் சட்டம் பிறந்தது. அபர்வானுக்குப் பின் ஐம்பத்தொன்பது ஆண்டுகள்!

நமது நாட்டில் 2009-இல் நிலக்கரி அமைச்சகம் வகுத்த நெறிமுறைகள், சுரங்கத்தை மூடும் செலவுக்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்று விதித்தன. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அன்று எக்டேருக்கு 6 லட்ச ரூபாய் என்று கணக்கிட்டனர். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் இவ்விதி உண்டு. விதி நல்லதே. ஆனால் ஏட்டிலுள்ள விதி வாய்க்கால் வெட்டாது. மூன்று காரியங்கள் நடைபெறவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நிதி, தோண்டுபவர் கைவைக்க இயலாத இடத்தில் இருக்கவேண்டும். செலவு மதிப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தணிக்கை செய்து, சுற்றுக் கிராமத்தார் அறிய வெளியிடவேண்டும். நிலம் பச்சையாகி, வடிகால் ஓடி, பல மழைக்காலம் தாங்கியது என்று கண்டபின்னரே கடைசித் தவணையை விடுவிக்கவேண்டும். நிலம் கொடுக்கும் விவசாயி இழப்பீட்டுத் தொகையை மட்டும் கேட்டு நில்லாமல், "மூடும் திட்டம் எங்கே? அதற்கு இன்றுவரை கட்டிய பணம் எவ்வளவு?" என்றும் கேட்கவேண்டும். அது அவர் உரிமை.

சேமநிதியைப் பங்கிடலாமே என்று கேட்கும் அங்கத்தினரையும் நாம் குறைகூறவில்லை. கையிலுள்ள பணம் எவருக்கும் இனிப்பதே. ஆனால் நாளைய செலவை மறந்து காட்டும் லாபம் லாபமன்று, பிறர் தலையில் எழுதிவைத்த கடன். தறி தேயும், கிட்டங்கிக் கூரை ஒழுகும், தோண்டிய குழியில் நீர் நிறையும். அந்த நாளில் பேரேட்டைப் புரட்டுகிறவர் நம் பிள்ளைகளாக இருப்பர். அந்தப் பக்கம் வெறுமையாக இராமல் பார்த்துக்கொள்வது இன்று கையொப்பமிடும் நமது பொறுப்பு.