அந்த ஒரு பாட்டு போதாது

பேரும் புகழும் வாங்கித் தந்த பாட்டையே ஒரு பாடகர் பிடிக்கவில்லை என்று சொன்னால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. சோறு போட்ட பாட்டைப் பற்றி இப்படிப் பேசலாமா, தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறோம். கொச்சி வட்டாரத்தில் கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், கல்யாண வீடு என்று பல காலமாகப் பாடிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்லும் கலைஞரின் பேச்சைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அதிலுள்ள நியாயம் புரியும்.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரரின் மகள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வீடு இடக்கொச்சியில். மகரம், கும்பம், மீனம் என்ற மலையாள மாதங்கள் மூன்றும் இங்கே கானமேளா எனும் மேடைப் பாட்டுக் கச்சேரிகளின் காலம். எல்லா மேடையிலும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு: கடைசி அரைமணி நேரம் தமிழ்க் குத்துப் பாட்டுக்கு. குழுவில் இருக்கும் தமிழச்சி என்பதால் அது எனக்கு வந்து சேர்ந்தது. பள்ளுருத்தி, கும்பளங்கி, பாலம் தாண்டினால் அரூர், எங்கே போனாலும் ஒரே சினிமாப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வருகிறது. அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லித்தான் என்னை நாலு பேருக்கு அடையாளம் காட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காத காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பாட்டு முழுக்க மேல் ஸ்தாயியிலேயே ஓடுகிறது. முன்பு ஐந்தரைக் கட்டையில் பாடியதை இப்போது ஐந்துக்கு இறக்கிவிட்டேன். அப்போதும் தொண்டை வலிக்கிறது. முடிவில் அது வரும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலிருந்தே குரலைச் சேமிக்க வேண்டும். நின்று, இழைத்துப் பாட வேண்டிய ஜானகியம்மாவின் பாட்டையும் சுசீலாம்மாவின் பாட்டையும் பாதிக் குரலில் பாடுகிறேன். கேட்பவருக்கு இது தெரியாது. அவர் கேட்ட ஒரு பாட்டு, அவர் கேட்காத பத்துப் பாட்டின் குரலைத் தின்றுவிடுகிறது. அந்தப் பாட்டின் மேல் எனக்கிருக்கும் கோபமெல்லாம் இதுதான்.

பெரிய கலைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1980-இல் வந்த ‘ஒருதலை ராகம்’ படத்தில் டி. ராஜேந்தர் எழுதிய இரண்டு சோகப் பாடல்களை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். ராசி கெட்டவன் என்று ஒருவன் தன்னையே நொந்துகொள்ளும் பாட்டு ஒன்று; தன் கதை முடிகிறது என்று பாடுவது இன்னொன்று. இரண்டும் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. ஆனால் அவற்றைப் பாடியதால்தான் தன் வாய்ப்புகள் குறைந்தன என்று பிற்காலத்தில் அவரே வருத்தத்தோடு பேசினார். பாட்டுக்கு அப்படி ஒரு ராசி உண்டு என்று நான் நம்பவில்லை. காலம்தான் மாறியிருந்தது: 1976-இல் இளையராஜா வந்துவிட்டார், 1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி நடிப்பை விட்டார், எஸ்.பி.பி., யேசுதாஸ், மலேசியா வாசுதேவன் என்று புதிய குரல்கள் எழுந்துவிட்டன. இருந்தாலும் அவர் வேதனையை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் வீரமாக, காதலாக, பக்தியாக நூற்றுக்கணக்கில் பாடிய ஒருவர், கடைசியில் ஊரே முணுமுணுக்கும் தன் குரல் “எல்லாம் முடிந்தது” என்று சொல்லக் கேட்டால் எப்படித் தாங்குவார்?

காசு சம்பந்தப்பட்ட கசப்பும் உண்டு. ரஷ்யாவின் செர்கெய் ரக்மனினாவ் 1892-இல், பத்தொன்பது வயதில், பியானோவுக்கு ஒரு சிறு படைப்பு எழுதினார். பதிப்பாளர் கொடுத்தது நாற்பது ரூபிள். அன்றைய ரஷ்யா சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இல்லை. உலகமெல்லாம் அது விற்றும் அவருக்கு உரிமைத் தொகை வரவில்லை. பிறகு பெரும் படைப்புகளை எழுதினார். ஆனால் எந்த நாட்டு மேடையில் உட்கார்ந்தாலும் அந்தச் சிறு படைப்பையே வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கூச்சல் போட்டது. அவருக்கு அது சலித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? நம் நாட்டில் பின்னணிப் பாடகருக்கு ராயல்டி உரிமை தெளிவாகச் சட்டத்தில் ஏறியதே 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் ஒரு முறை கூலி வாங்கிக்கொண்டு பாடியவர்களின் பாட்டுகள்தான் இன்றும் நம் வானொலியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு விளையாட்டுப் பாட்டு மற்ற உழைப்பையெல்லாம் மறைப்பதும் உண்டு. 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ பாட்டு தனுஷை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பல வருடம் கழித்தும் போகுமிடமெல்லாம் அது தன்னைத் துரத்துவதாக அவர் பேட்டியில் சொன்னார். அதே 2011-இல்தான் ‘ஆடுகளம்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அந்த நடிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களும் பாட்டைப் பற்றிக் கேட்டால் சலிப்பு வராதா?

நாகஸ்வர மேடையைப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் வந்தது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைச் சினிமா வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது பெரிய காரியம். ஆனால் இன்றும் கல்யாணத்தில் ஒரு நாகஸ்வரக்காரர் அரைமணி நேரம் ராகம் வாசித்து முடிப்பதற்குள், அந்தப் படத்துப் பாட்டை வாசிக்கச் சொல்லி ஒரு பெரியவர் எழுந்து வருகிறார். அந்த ராகம் அங்கேயே அறுந்துபோகிறது.

கேட்பவர் பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு பாட்டில் அவருடைய கல்யாணம் இருக்கும், இறந்துபோன அண்ணன் இருப்பார், கூட்டாளிகளோடு தியேட்டரில் விசிலடித்த வயது இருக்கும். அதைக் கேட்கத்தான் அவர் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்பப் பாடகருக்கு உரிமை இல்லை. காசு கொடுத்துக் கூப்பிட்டவர்கள் கேட்டால் பாடத்தான் வேண்டும். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அதை மட்டும் பாடு, மற்றதெல்லாம் நேரப்போக்கு என்று ஒரு கூட்டம் முடிவு செய்யும்போது, பாடுகிறவரை மனுஷியாகப் பார்ப்பது நின்றுபோகிறது.

வேறு மாதிரியும் கேட்கலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர்தான். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி மெஹ்ஃபில்களில் ஹார்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு வீட்டு மாடியில் உட்காருவார்கள். அன்றைக்குப் பாடகருக்கு என்ன வருகிறதோ அதைக் கேட்கத்தான் ஆள் சேரும். ஃபோர்ட் கொச்சியில் பிறந்த மெஹ்பூப் பாயைச் சினிமா நகைச்சுவைப் பாட்டுக்காகக் கேரளம் நினைவில் வைத்திருக்கிறது. இந்தத் தெருக்களுக்கு அவர் வேறு ஆள். மேப்பள்ளி பாலன் போன்ற உள்ளூர்க் கவிகளின் வரிகளுக்கு மெட்டுப் போட்டுக் கல்யாண வீடுகளில் அவர் பாடியவை இங்கே இன்னும் வாய்வழியாக உயிரோடு இருக்கின்றன. சினிமா கொடுத்த அடையாளத்தோடு அவரை நிறுத்திக்கொள்ளாமல், அவர் பாடியதையெல்லாம் கேட்ட காதுகள் இங்கே இருந்தன. அதனால்தான் அவை பிழைத்தன.

பள்ளுருத்தியில் வாழ்ந்த எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் சிறுவனாகப் பழனி ஆசிரமத்தில் இசை படித்தவர். 1968-இல் திரைக்கு இசையமைக்கத் தொடங்கினார். ஆனாலும் முதல் கேரள மாநிலத் திரைப்பட விருது 2017-ஆம் ஆண்டின் ‘பயானகம்’ படத்துக்குத்தான் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டியவரின் புதுப் பாட்டை, பழையவற்றோடு ஒப்பிட்டு ஒதுக்காமல், யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எழுபதுகளின் பத்துப் பாட்டு போதும் என்றிருந்தால் அந்த விருதும் இல்லை, அந்தப் பாட்டும் நமக்கில்லை.

உற்சவக் கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாட்டுப் பட்டியலோடு வாருங்கள், தப்பில்லை. அதில் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் காலியாக விடுங்கள். அந்த நேரத்தில் குழு தனக்குப் பிடித்ததைப் பாடட்டும், சீட்டு அனுப்பாதீர்கள். பத்து மணிக்கு மைக்கை அணைப்பதற்குள் நீங்கள் கேட்ட பாட்டும் வரும். பிடித்ததைப் பாடி மனம் நிறைந்த பாடகர், பிடிக்காத பாட்டையும் உங்களுக்காக முழுக் குரலில் பாடுவார். இது என் அனுபவம். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு கமிட்டியாவது செய்து பார்க்கட்டும்.