வெள்ளி வண்டிக்கு மறுவாழ்வு

அமெரிக்கா தேசத்தில் பழைய பொருளுக்கு மதிப்பில்லை என்றும், ஒரு சாமான் சற்றே மங்கினால் அதைத் தெருவில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதே அந்நாட்டார் வழக்கம் என்றும் நம்மவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. அது பெரும்பாலும் மெய்தான். எனினும் அதே தேசத்தில், அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு தகர வண்டியை வைக்கோற் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து, இரண்டு மூன்று வருஷங்களின் ஓய்வு நாட்களையெல்லாம் அதற்கே அர்ப்பணம் செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. தகரம் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது அலுமினியம், அதிலும் ஆகாய விமானத்துக்கு உபயோகிக்கும் ஜாதி அலுமினியம்.

வண்டி என்றோமே தவிர, அதை வீடு என்பதே பொருந்தும். மோட்டார் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. உள்ளே அடுப்பு, படுக்கை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. இயந்திரம் மட்டும் இல்லை. இவ்வகை டிரெய்லர்களைப் பலர் செய்தார்கள். ஆனால் ரொட்டித் துண்டைப்போல் உருண்டு, வெள்ளிப் பாத்திரம்போல் பளபளக்கும் "ஏர்ஸ்ட்ரீம்" வண்டிக்குத்தான் இன்றளவும் பக்தர்கள் அதிகம்.

இந்த வண்டியின் பிறப்பில் ஒரு பத்திரிகைக்கும் பங்கு உண்டென்பதை நாம் சற்றுப் பெருமையுடனும், சற்றுக் கூச்சத்துடனும் சொல்லிக்கொள்கிறோம். 1896-ஆம் வருஷம் ஆரிகன் ராஜ்யத்தில் பிறந்த வாலி பயம் என்பவர் சிறு வயதில் ஆடு மேய்த்தவர். கழுதை இழுக்கும் இரட்டைச் சக்கர வண்டி ஒன்றில் மண்ணெண்ணெய் அடுப்பும் வாளியுமாக அப்போதே குடித்தனம் நடத்திப் பழகியவர். பின்னால் அவர் பத்திரிகை நடத்தினார். வண்டி வீடு கட்டுவது எப்படி என்று யாரோ எழுதிய வரைபடத்தை அதில் பிரசுரித்தார். வாசகர்கள் அதைப் பார்த்துக் கட்ட முயன்று, "ஐயா, உமது படத்தின்படி செய்தால் வண்டி வரவில்லை" என்று புகார் செய்தார்கள். பயம் தாமே சுத்தியலை எடுத்துச் செய்து பார்த்தார். வாசகர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. மற்றப் பத்திரிகைக்காரராயிருந்தால் அடுத்த இதழில் ஒரு வருத்தக் குறிப்புப் போட்டு விஷயத்தை முடித்திருப்பார். இவரோ வேறு வரைபடம் தயாரித்தார். சமையலறை இல்லாத பிரயாணத்துக்குத் தாம் வரமுடியாது என்று அவருடைய மனைவியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆகவே அடுப்பு உள்ளே வந்தது. சக்கரங்களுக்கு இடையே தரையைத் தாழ்த்திக் கூரையை உயர்த்தியதால், உள்ளே மனிதர் நிமிர்ந்து நிற்கவும் முடிந்தது.

அலுமினிய உடம்பு வேறொருவரிடமிருந்து வந்தது. 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகத் தாண்டிய விமானத்தைக் கட்டிய தொழிற்சாலையில் மேற்பார்வை செய்த ஹாலி பௌலஸ் என்பவர், 1934-இல் விமானம் கட்டும் முறையிலேயே ஒரு டிரெய்லர் கட்டினார். வெகு அழகான வண்டி; ஆனால் அதன் வாசல் முன்புறம், இழுகம்பிக்கு மேலே இருந்தது. வீட்டுக்குள் போக வேண்டுமானால் இரும்பைத் தாண்டிக் குதிக்கவேண்டும்! பயம் அந்த வடிவத்தை மேற்கொண்டு, வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் "கிளிப்பர்" என்ற வண்டியை வெளியிட்டார். விலை 1,200 டாலர். பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய அந்நாளில் அது சின்னத் தொகையன்று. உலக யுத்தத்தில் அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போகவே, தொழிற்சாலை மூடப்பட்டது. யுத்தம் ஓய்ந்த பிறகு மீண்டும் திறந்தது. 1952 முதல் ஓஹையோ ராஜ்யத்தின் ஜாக்ஸன் சென்டர் என்னும் ஊரிலும் தொழிற்சாலை நடந்து வருகிறது. பயம் 1962-இல் காலமானார். 1969-இல் சந்திரனிலிருந்து திரும்பிய மூவரும் இதே மாதிரி வண்டி ஒன்றில்தான், சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தொற்று நோய்ப் பயத்தினால் அடைத்துவைக்கப்பட்டார்கள். ஜனாதிபதி நிக்ஸன் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் அவர்களுக்கு வாழ்த்துக் கூறினார்.

சரித்திரம் போதும். கொட்டகையிலிருந்து வந்த வண்டியைப் பார்ப்போம்.

வாங்க வருகிறவர்கள் பொதுவாகப் பார்ப்பது வெளியிலுள்ள நெளிவையும் மங்கலையுமே. விஷயம் தெரிந்தவர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரே வண்டியின் பின்புறம் சென்று, இரும்பு முட்டுத்தடியின் மேல் ஏறி நின்று இரண்டு முறை அழுத்துவார். அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாக அசைந்தால் நல்லது. சட்டம் மாத்திரம் தாழ்ந்து, கூடு அப்படியே நின்றால், பின்பகுதி பிரிந்துபோயிற்று என்று பொருள்.

இப்படிப் பிரிவதற்குக் காரணம் தண்ணீர். இவ்வண்டிக்கு உள்தோல், வெளித்தோல் என இரண்டு தோல்கள். நடுவே குளிரையும் வெப்பத்தையும் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு. ஜன்னலோரத்திலோ, கூரையிலுள்ள புகைபோக்கியோரத்திலோ நூலளவு இடுக்கிருந்தாலும் மழைநீர் இரண்டு தோலுக்கும் நடுவே இறங்கிவிடும். மேலே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. இறங்கிய நீர் தரையின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். அங்கேதான், அலுமினியக் கூட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், ஒட்டுப்பலகைத் தரை அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. பலகை வருஷக்கணக்கில் நீரைக் குடித்து உளுத்துப்போகும். பிறகு கூட்டையும் சட்டத்தையும் இணைக்கும் ஆணிகளுக்குப் பிடிமானம் ஏது? ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்குமிடையே மின்சாரம் ஓடி அலுமினியம் அரிக்கப்படுகிறது என்பது வேறு. இந்நிலையிலுள்ள வண்டியைக் குழந்தை குட்டிகளுடன் நெடுஞ்சாலையில் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் இழுத்துச் செல்வதென்றால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே தரையை மாற்றியே தீரவேண்டும். தரையை மாற்றவேண்டுமானால் கூட்டைத் தூக்கவேண்டும். உள்தோலைக் கழற்றிய பிறகு கூடு வெறும் முட்டை ஓடு போலத்தான் நிற்கிறது. அது கோணாதபடி உள்ளே மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்து, கப்பியும் சங்கிலியும் கொண்டு மெதுவாக உயர்த்துகிறார்கள். அடியிலுள்ள இரும்பைத் தனியே உருட்டிக்கொண்டு போய்த் துரு நீக்கி, இற்றுப்போன இடங்களில் புது இரும்பு பற்றவைத்து, வர்ணம் பூசுகிறார்கள். புதிய பலகையின் ஓரங்களுக்கு எபாக்ஸிப் பிசின் ஊட்டுகிறார்கள். பழைய பலகையின் வடிவத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்து வைக்காமல் முதல் நாளே உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அந்த வளைவான மூலைகளை மறுபடி கண்டுபிடிப்பதற்குள் அவர்களுடைய உற்சாகத்தில் பாதி கரைந்துபோகும்.

உள்தோலைக் கழற்றும் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. கண்ணாடிப் பஞ்சு எலிகளுக்குப் பஞ்சு மெத்தை. உளுத்த பஞ்சையும் எலிப் புழுக்கையையும் துடைப்பத்தால் வறட்டுப் பெருக்காகப் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். 1993-இல் அந்நாட்டின் தென்மேற்கில் நான்கு ராஜ்யங்கள் கூடும் இடத்தில் திடகாத்திரமான வாலிபர்கள் திடீரென்று சுவாசம் அடைத்து மாண்டார்கள். காட்டெலிகள் பரப்பும் ஹாண்டா வைரஸ் என்னும் கிருமியே காரணம் என்று அப்போது வெளிப்பட்டது. ஆகையால் முகமூடி அணிந்து, கிருமிநாசினி நீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுக்கவேண்டும்.

எல்லா வேலையிலும் நமக்கு மிகவும் பிடித்தது தறையாணி அடிக்கும் வேலை. அவர்கள் அதை ரிவெட்டு என்கிறார்கள். இவ்வண்டியின் தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளே பிடித்து நிற்கின்றன. இந்த ஆணியை ஒருவராக அடிக்க முடியாது. வெளியே நிற்பவர் காற்றழுத்தச் சுத்தியலால் ஆணியின் தலையை அடிக்க, உள்ளே இருப்பவர் கனமான இரும்புக் கட்டியை அதன் வாலில் வைத்து அழுத்திக்கொள்ளவேண்டும். வால் நசுங்கிப் பொத்தான்போல் ஆகும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது; சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆகையால் தகட்டில் தட்டி, "ஆயிற்று", "இன்னும் கொஞ்சம்" என்று சைகை செய்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கணவன் ஒரு புறம், மனைவி மறு புறம். அடிக்கிறவர் ஒரு கணம் அதிகம் அடித்தால் தகடு பள்ளமாகிவிடும். தாங்குகிறவர் கோணலாகப் பிடித்தால் ஆணி வளைந்துவிடும். இயந்திர நாகரிகத்தின் தலைநகரென்று பேர் வாங்கிய தேசத்தில், நாலு கைகள் ஒத்துழைத்தாலொழிய நடவாத ஒரு தொழிலைச் சாதாரண மனிதர்கள் தாமாகக் கற்றுக்கொள்ளும் காட்சி நமக்குப் பெரிதாகவே படுகிறது.

பஞ்சையும் உள்தோலையும் திரும்ப வைக்குமுன் செய்யவேண்டிய பரீட்சை ஒன்றுண்டு. ஒருவர் வெளியே நின்று ரப்பர்க் குழாயால் மழைபோல் நீரடிக்க, இன்னொருவர் உள்ளே விளக்குடன் ஒவ்வொரு ஆணியாகப் பார்க்கிறார். கசியும் இடத்தில் அடையாளமிட்டுப் பிசின் பூசுகிறார். இதற்குப் பொறுமையில்லாதவர் புதுப் பலகையை மறுபடி உளுக்கவிடச் சம்மதித்தவரே ஆவார்.

இனிப் புதுமை செய்யும் கட்டம். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? இதில்தான் பழமை விரும்பிகளுக்கும் மற்றவர்களுக்கும் தீராத சண்டை. நம் கட்சி இது: வளைந்த மர அலமாரிகளும், பழைய கைப்பிடிகளும், ஜன்னல் தாழ்ப்பாள்களும் இருக்கட்டும், உயிரோடு விளையாடும் எதுவும் பழமைக்காக இருக்கவேண்டாம். சுடர் அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் சாதனம் இல்லாத பழைய அடுப்பை அழகுக்காக வைத்துக்கொள்வது மூடத்தனம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாததன்று. ஆகையால் அதைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரைக்குச் சமீபத்தில் பொருத்தவேண்டும். வாசனையில்லாமல் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வேறொரு கருவி.

சக்கரத்தின் அச்சும் அப்படியே. 1960-களிலிருந்து இவ்வண்டிகளில் எஃகு வில்லுக்குப் பதில், குழாய்க்குள் அடைத்த ரப்பர்த் தண்டுகள் குலுக்கலைத் தாங்கின. ரப்பருக்கு மூப்பு உண்டு. அது இறுகினால் வண்டி தாழ்ந்து, ஒவ்வொரு மேடு பள்ளமும் நேரே கூட்டில் இடிக்கும்; புதிதாய் அடித்த ஆணிகள் தெறிக்கும். அச்சையே மாற்றுவதுதான் வழி.

குளிர்ப்பெட்டியின் விஷயம் வேடிக்கையானது. நெருப்பினால் குளிர் உண்டாக்கும் அந்தப் பெட்டி, 1922-இல் ஸ்வீடன் தேசத்தில் வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்ட உபாயம். சுடர் அம்மோனியாவைக் கொதிக்கச் செய்ய, அது குளிர்ந்து இறங்கிச் சுற்றி வருகிறது. ஓடும் உறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் வண்டி சமதரையில் நிற்காவிட்டால் பழைய பெட்டிகள் கெட்டுப்போகும். இப்போது பலர் கூரையில் சூரிய மின் தகடும், உள்ளே லித்தியம் மின்கலமும் வைத்து, மின்சாரக் குளிர்ப்பெட்டிக்கு மாறுகிறார்கள். இந்த மாறுதலை நாமும் ஆமோதிக்கிறோம்.

பழைய வண்டிகள் பலவற்றில் மலஜலத்துக்குத்தான் தொட்டி உண்டு. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அப்படியே தரையில் ஓடின. இன்று முகாம் மைதானங்கள் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே இரண்டாவது தொட்டி வைக்கிறார்கள். எங்கே வைக்கிறார்கள் என்பதில் அபாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தொட்டியும் சாமானும் பின்பக்கமே சேர்ந்தால் முன்பக்கம் இலேசாகி, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். பிறகு காரையும் சேர்த்துப் புரட்டும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவிகிதம் இழுகொக்கியின்மேல் இருக்கவேண்டும் என்பது அனுபவஸ்தர் கணக்கு. இதை அறியாமல் சமையல் மேடைக்குக் கருங்கல் பலகை போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது!

மெருகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நேயர்கள் கேட்கலாம். வண்டிகளின் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். தகட்டின்மேல் மெல்லிய சுத்த அலுமினியப் படலம் ஒன்றுண்டு. மேலே பழைய வார்னிஷ் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு, மெருகுப் பசையைத் தடவிச் சக்கரத்தால் பல நாள் தேய்த்தால், புளி போட்டு விளக்கிய குத்துவிளக்குப்போல் முகம் தெரியும். கை, முகம், துணி எல்லாம் கரியாகும். உப்புத்தாளால் தேய்க்கத் துணிகிறவர் அந்தப் படலத்தையே இழப்பார். பளபளப்பு ஏற ஏற, தகட்டின் ஒவ்வொரு நெளிவும் தெளிவாய்த் தெரியும் என்பதையும் அறிந்து இறங்கவேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு கடலைப் பார்க்கக் கிளம்பக்கூடாது. முதல் பிரயாணம் பார வண்டிகளை நிறுக்கும் எடை மேடைக்கு. நிறையத் தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டே நிறுக்கவேண்டும். அங்கிருந்து ஐம்பது மைல் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, சக்கரங்களின் மரைகளை மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும். புதிய சக்கரங்களில் அவை தளர்வது சகஜம். ஒரு கை அப்படியே சக்கரத்தின் நடுப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்று மாத்திரம் மற்றதைவிடச் சுடுமானால் பிரேக்கோ அச்சின் குண்டுகளோ பிடித்துக்கொண்டிருக்கின்றன. வண்டியைக் கொட்டகைக்கே திருப்பவேண்டியதுதான்.