புழு தின்றால் விஷம்... மாடு தின்றால் புரதம்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். இரண்டுக்குமே புழுதான் பெரிய எதிரி. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்று தீர்த்ததை இங்குள்ள விவசாயிகள் மறக்க மாட்டார்கள்.

பருத்திக்கு வந்த தீர்வு, பி.டி. விதை. 2002-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. அப்போதிலிருந்தே ஒரு கேள்வியும் உண்டு. புழுவைக் கொல்லும் செடியின் கொட்டையை மாட்டுக்கு வைக்கிறோமே... ஒன்றும் ஆகாதா?

பதில் வயிற்றில் இருக்கிறது.

பி.டி. என்பது மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. பட்டுப்புழுக்களைக் கொல்லும் இந்தக் கிருமியை 1901-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது தயாரிக்கும் புரதம் சுமார் 1,180 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான மாலை. அப்படியே இருந்தால் அது விஷமில்லை.

புழு அதைத் தின்றதும் கதை மாறுகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்குள்ள டிரிப்சின் போன்ற நொதிகள், சாப்பாடு என்று நினைத்து மாலையை வெட்டுகின்றன. சுமார் 600 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு மிஞ்சுகிறது. அதுதான் விஷம்! பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல அது குடல் சுவரின் ஏற்பியில் பொருந்தி, ஓட்டை போடுகிறது. புழு தீனியை நிறுத்தி, சில நாள்களில் சாகிறது. அதாவது, விஷத்தைத் தயாரிப்பதே புழுவின் நொதிதான்.

மாட்டுக்கும் மனிதருக்கும் வயிறு வேறு மாதிரி. நம் இரைப்பையிலும் மாட்டின் நான்காவது இரைப்பையிலும் அமிலமும் பெப்சின் நொதியும் இருக்கின்றன. பெப்சின் இந்தப் புரதத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். ஆய்வகச் சோதனைகளில் இதற்குச் சில நிமிடங்களே ஆயின. புழுவின் குடலில் இருக்கும் அந்தப் 'பூட்டு'ம் நமக்குக் கிடையாது.

மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்குத் தெளிக்கப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் பி.டி. பாக்டீரியாவும் உண்டு. புழு தின்றால்தான் வேலை செய்யும் என்பதால் குருத்துக்குள் படும்படி, புழு சிறிதாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். வெயிலில் வீரியம் குறையும் என்பதால் மாலை நேரமே நல்லது.

ஆனால், புழுவும் சும்மா இல்லை. அரிசி, மாவு மூட்டைகளில் வரும் ஒருவகை அந்துப்பூச்சியில், அந்த வெட்டும் நொதியே இல்லாத ரகம் உருவானதை 1997-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். வெட்ட ஆளில்லை, விஷமும் குறைவு. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு வழி பிடித்தது. பூட்டையே மாற்றிக்கொண்டது. அதன் எதிர்ப்புத்திறன் முதலில் குஜராத்தில் தெரியவந்தது.

இதைத் தள்ளிப்போடத்தான் முன்பு 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் கொடுத்தார்கள். சாதாச் செடியில் வளரும் சாதாப் புழுக்கள், எதிர்ப்புள்ளவற்றோடு கலந்தால் எதிர்ப்பு பரவுவது தாமதமாகும். பலர் அந்தச் சின்னப் பாக்கெட்டை விதைக்கவே இல்லை.

இனி விதையை மட்டும் நம்ப முடியாது. இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, பருத்தியைக் காலம் கடந்து வயலில் நிறுத்தாமல் இருப்பது, அறுவடை முடிந்ததும் மாரை அப்புறப்படுத்துவது ஆகிய மூன்றும் கட்டாயம்.