விரலை விடுங்கள், குரலைக் கேளுங்கள்

புளூகிராஸ் இசையின் பெயரைக் கெடுக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதைப் புதியவர் ஒருவருக்கு அவசர அவசரமாக அறிமுகப்படுத்துவது. ஆர்வக் கோளாறில் நாம் முதலில் எடுத்து நீட்டுவது பாஞ்சோ தலைதெறிக்க ஓடும் மெட்டாகத்தான் இருக்கும். கேட்பவர் சிரிக்கிறார். "துரத்தல் காட்சிக்குப் போடுவார்களே, அதுதானே?" என்கிறார். அத்தோடு கதவு சாத்தப்படுகிறது. எனக்குக் கிடைத்த முதல் ஒலிநாடாவும் அப்படித்தான். இருபது பாஞ்சோ மெட்டுகள், எல்லாம் ஒரே வேகம். நாலாவதில் நிறுத்தியவன், மறுபடி அந்தப் பக்கம் போகப் பல வருடங்கள் ஆயின.

சிரிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1962இல் தொடங்கிய 'பெவர்லி ஹில்பில்லீஸ்' தொலைக்காட்சித் தொடரில் பாஞ்சோ பட்டிக்காட்டானைக் கேலி செய்ய உதவியது. 1967இல் 'பானி அண்ட் க்ளைட்' படத்தில் கார்த் துரத்தலுக்கு. 1972இல் 'டெலிவரன்ஸ்' படத்தில் மலைவாசிகளைக் கண்டு நகரத்தார் மிரள. கேலி, ஓட்டம், பயம். அந்த இசையைப் படைத்தவர்களின் துக்கத்துக்கு இதில் இடமே இல்லை.

அவர்கள் யார்? ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள். கென்டக்கியில் 1911இல் பிறந்த பில் மன்றோ சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, சிகாகோ பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஏர்ல் ஸ்க்ரக்ஸும் லெஸ்டர் ஃப்ளாட்டும் பஞ்சாலைத் தொழிலாளர்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, அம்மாவின் கல்லறை, திரும்பிப் போக முடியாத மலையடிவாரம் என்று அவர்கள் பாடியது சும்மா இல்லை. எனவே புதியவருக்கு முதலில் வேண்டியது குரல். விரல் வித்தை அப்புறம்.

நான்கு பதிவுகள் போதும். ஆனால் வரிசை முக்கியம்.

முதலாவது, 1972இல் வெளிவந்த 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம். நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னியா இளைஞர் குழு, நாஷ்வில் நகரில் மூத்த கலைஞர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தது. மேபெல் கார்ட்டர், ராய் ஏகஃப், ஸ்க்ரக்ஸ், ஜிம்மி மார்ட்டின், டாக் வாட்சன் எல்லோரும் வந்தார்கள். மன்றோ வர மறுத்துவிட்டார். எல்லாமே சுத்த புளூகிராஸ் இல்லைதான். ஆனால் பாட்டுகளுக்கு நடுவே நடக்கும் பேச்சையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். டாக் வாட்சன் தன் மகனுக்கு மெர்ல் ட்ராவிஸின் பெயரை வைத்தவர். அந்த ட்ராவிஸை அவர் முதன்முதலாகச் சந்திப்பதே இந்தப் பதிவில்தான். இவர்கள் மனிதர்கள், கேலிச் சித்திரங்கள் அல்ல என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இரண்டாவது, ஊற்றுக்கண். மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழு கொலம்பியா நிறுவனத்துக்காக 1946, 1947 ஆண்டுகளில் செய்த பதிவுகள். இசைக்கே பெயர் தந்த குழு இது. மேண்டலினில் மன்றோ, கிடாரில் ஃப்ளாட், மூன்று விரலில் பாஞ்சோ மீட்டும் ஸ்க்ரக்ஸ், பிடிலில் சப்பி வைஸ், பாஸில் ஹோவர்ட் வாட்ஸ். மேண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு மன்றோ வியப்பளிப்பார். இங்கே தாள வாத்தியம் கிடையாது. தாளத்தின் இடையில் அவருடைய மேண்டலின் 'சக், சக்' என்று வெட்டுவதுதான் அந்தக் குறையைத் தீர்க்கிறது. பிடில் வாசித்த தாய்மாமனிடமும் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமும் அவர் கேட்டு வளர்ந்தது இதில் ஒலிக்கிறது. ஒரு எச்சரிக்கை: பல தொகுப்புகளில் 1945 பதிவுகளும் சேர்ந்திருக்கும். அவற்றில் அக்கார்டியன் உண்டு, ஸ்க்ரக்ஸ் இல்லை. ஆண்டைப் பார்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, வர்ஜீனியா மலைப் பகுதியிலிருந்து வந்த ஸ்டான்லி சகோதரர்கள். ஐம்பதுகளில் மெர்க்குரி நிறுவனத்துக்கு அவர்கள் பாடியவற்றைத் தேடுங்கள். கார்ட்டரின் குரல் தரையில் நிற்கும், தம்பி ரால்ஃபின் குரல் அதற்கு மேலே போய்த் தனியாக அழும். கார்ட்டர் 1966இல் இறந்தார். 2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் ரால்ஃப் எந்த வாத்தியமும் இல்லாமல் மரணத்திடம் கெஞ்சிப் பாடினார். 2016இல் அவரும் மறைந்தார். அந்தப் படத்தின் இசை ஆல்பமும் நல்ல நுழைவாயில்தான். 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது.

நான்காவது, 'ஜே.டி. க்ரோ அண்ட் தி நியூ சவுத்', 1975. டோனி ரைஸ், ரிக்கி ஸ்காக்ஸ், ஜெர்ரி டக்ளஸ் எல்லோரும் அப்போது இளைஞர்கள். பழைய வீட்டை இடிக்காமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். பின்னால் வந்த பலருக்கு இதுதான் பாடப் புத்தகம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, கடைசியாக, ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் வாசித்த 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்' போடுங்கள். 1949இல் பதிவானது. 'பானி அண்ட் க்ளைட்' படத்தில் துரத்தலுக்குப் போட்ட அதே மெட்டு. ஸ்க்ரக்ஸ் 2001இல் நண்பர்களுடன் மறுபடி பதிவு செய்தது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போதும் பாஞ்சோ தலைதெறிக்கத்தான் ஓடும். ஆனால் எதைவிட்டு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிரிப்பு வராது.