சிப்பாய்களைக் கொதிக்கவைத்த கொழுப்பு... துப்பாக்கிக்கு அது எதற்குத் தேவைப்பட்டது?

1857 ஜனவரி. கல்கத்தாவை அடுத்த டம்டம் ராணுவ முகாம். தோட்டா தயாரிப்பில் வேலைபார்த்த ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரின் சொம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தீட்டு என்று சொல்லிச் சிப்பாய் மறுக்கிறார். மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைச் சீக்கிரமே பல்லால் கடிக்கப்போகிறவருக்குச் சாதி எதற்கு என்று தொழிலாளி திருப்பிக் கேட்டதாக அன்றைய ராணுவக் கடிதங்களில் பதிவாகியிருக்கிறது.

1857 எழுச்சிக்கு முன் பரவிய இந்தக் `கொழுப்புத் தோட்டா' கதை, பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஆனால், தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு? பதில், துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.

100 கஜம்தான் எல்லை!

அதுவரை சிப்பாய்களின் கையில் இருந்தது `பிரௌன் பெஸ்' வகை மஸ்கட். அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குழலின் விட்டம் 0.75 அங்குலம், ஈயக் குண்டின் விட்டமோ சுமார் 0.69 அங்குலம். குண்டு லூஸாக இருந்ததால் சட்டென உள்ளே இறங்கும். பயிற்சி பெற்ற வீரர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம்.

சிக்கலும் அதில்தான். சுடும்போது குண்டு குழலின் சுவர்களில் முட்டி மோதி, ஏதோ ஒரு திசையில் வெளியேறும். 100 கஜத்தைத் தாண்டினால், குறிவைத்த ஆள்மீது படுவது அதிர்ஷ்டம்தான். வீரர்கள் தோளோடு தோள் உரச வரிசையில் நின்று ஒரே நேரத்தில் சுட்டதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

பம்பரம் சொல்லும் பாடம்

சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கிறது. அதேபோல, சுழன்றுகொண்டே போகும் குண்டும் நிலைகுலையாமல் பறக்கும். இதற்காகக் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டுவதே `ரைஃப்ளிங்'. பிரிட்டிஷ் ராணுவம் 1800-ல் ஏற்ற `பேக்கர் ரைஃபிள்' இந்த வகை. 200 கஜத்தில்கூடத் தேர்ந்த வீரர் குறிபார்த்து அடிக்கலாம். ஆனால், குண்டு பள்ளங்களைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் சுற்றி, அழுத்தி உள்ளே திணிக்க நேரமானது. அதனால் தேர்ந்தெடுத்த படைப்பிரிவுகளுக்கு மட்டுமே அது கிடைத்தது.

1849-ல் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்குத் தீர்வு கண்டார். குழலைவிடச் சற்றே சிறிய, அடிப்பக்கம் குழிந்த கூம்புக் குண்டு. உள்ளே எளிதாக இறங்கும். வெடிக்கும்போது வாயு அழுத்தத்தில் அடிப்பக்கம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இந்த வகைக் குண்டோடு வந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்டு. அதன் குறிகாட்டியில் 900 கஜம்வரை அளவுகள் இருந்தன.

வெடிமருந்துக் கரி படிந்த குழலில் குண்டு சிக்காமல் இறங்க, தோட்டாவைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் காகிதத்தின் முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் கொட்டுவது அன்றைய பயிற்சி முறை. துல்லியத்துக்காகச் செய்த ஏற்பாடு, நம்பிக்கையின் நரம்பைத் தொட்டது இப்படித்தான்.

900 கஜம் நிஜமா?

குறிகாட்டியில் 900 இருந்தாலும் அங்கே ஓர் ஆளை அடிப்பது சாதாரண வீரருக்கு எட்டாத காரியம். குண்டு வில்லைப்போல வளைந்து மேலேறி இறங்கும். 400 கஜத்தில் நிற்பவரை 500 என்று தப்பாகக் கணித்தால், குண்டு தலைக்கு மேலே போய்விடும். அதனால்தான் இங்கிலாந்தின் ஹைத் பயிற்சிப் பள்ளியில், சுடுவதோடு தூரத்தைக் கண்ணால் மதிப்பிடவும் கற்றுக்கொடுத்தார்கள்.

பறிக்கப்பட்ட பள்ளங்கள்

சிப்பாய்களே தங்களுக்கு ஏற்ற பசையைத் தடவிக்கொள்ளலாம், கையால் கிழிக்கலாம் என்று விதிகளை மாற்றியும் சந்தேகம் தீரவில்லை. ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்டதோ புதிய என்ஃபீல்டு தோட்டா அல்ல, பழைய வகைதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு 10 ஆண்டு கடுங்காவல். மே 9-ல் விலங்கிடப்பட்டார்கள். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது.

எழுச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்காகத் தனியாக ஒரு துப்பாக்கி தயாரானது. வெளியே பார்த்தால் என்ஃபீல்டு. உள்ளே, சுருள் பள்ளங்களே இல்லாத வழவழப்பான குழல். 900 கஜத்துக்குக் குறிவைத்தவர்கள், சிப்பாய்களின் கைக்கு மீண்டும் அந்தப் பழைய 100 கஜத்தையே கொடுத்தார்கள்!