குதிரை வீரனுக்கு எத்தனை கோடி?

ஆசிரியருக்கு,

பழைய கௌபாய் நாயகர்களைப் பெருஞ்செலவில் மறுபடி எடுக்கும்போது ரசிகர்கள் சந்தேகப்படுவது வெறும் பழம்பெருமை அல்ல. 1933இல் அமெரிக்க வானொலியில் பிறந்த 'லோன் ரேஞ்சர்', 2013இல் 20 கோடி டாலருக்கு மேல் விழுங்கித் திரைக்கு வந்தது. ஜானி டெப் தலையில் செத்த காக்கையைச் சுமந்து நடித்தும் டிஸ்னிக்குப் பெரும் நட்டம். நம்மூரிலோ ஒளிப்பதிவாளர் கர்ணன் 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார். கறுப்பு வெள்ளைதான். ஆனால் குதிரையோடு சேர்ந்து பாயும் கேமராவுக்குப் பணத்தைவிடக் கண் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

'ட்ரூ கிரிட்' ஜெயிக்கவில்லையா என்பார்கள். 1969இல் ஜான் வெய்ன் நடித்த கதையை 2010இல் கோயன் சகோதரர்கள் சுமார் 4 கோடி டாலரில் எடுத்தார்கள். வசூல் அதைப் போல ஆறு மடங்கு. இது என் கட்சிக்கே சாட்சி. வெய்னின் மிடுக்கைப் பிரதியெடுக்காமல் மூல நாவலுக்குத் திரும்பி, அப்பாவைக் கொன்றவனைத் தேடும் பதினான்கு வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்தினார்கள். இளைஞர்களுக்குப் பிரம்மாண்டம் வேண்டுமாம். சிவகாசி லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைக் கறுப்பு வெள்ளையில் இன்றும் விரும்பிப் படிக்கிறார்களே! எங்கள் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் படம் பார்ப்பவர் டிக்கெட்டோடு பஸ் கட்டணமும் கொடுக்கிறார்; அந்தக் காசுக்குப் படம் தகுதியாக இருக்க வேண்டாமா? முதலில் கர்ணன் படங்களைத் துலக்கி மறுவெளியீடு செய்யட்டும். புதிதாக எடுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஒரு வாசகர்,
வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.